கலிஃபோர்னியா அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மதிப்பெண்களும் மாணவர் விவரங்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடத் தொடங்கும்போதே பள்ளியையும் தேடத் தொடங்குகின்றன. பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் குடியிருக்கும் முகவரியை வைத்தே இடம் ஒதுக்கப்படுவதால், ஃப்ரீமாண்ட், கூபர்டினோ போன்ற ஊர்களில் வீட்டைப் பற்றிய பேச்சும் பள்ளியின் மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்ற தெளிவு மட்டும் அதே அளவுக்குப் பரவவில்லை. ஒரு பள்ளியில் எத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பள்ளி செய்யும் வேலையைப் பற்றி மிகக் குறைவாகவே தெரியவரும். கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டவை.

பள்ளியின் மதிப்பெண் விவரங்கள் எங்கிருந்து வருகின்றன?

ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் மாநிலம் நடத்தும் பொதுத் தேர்விலிருந்து வருகின்றன. 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கையெழுத்தான கூட்டாட்சிக் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்த வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் கட்டாயப்படுத்தியது. 2015 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டம், பள்ளிகளுக்கான தண்டனை முறைகளைத் தளர்த்தினாலும் தேர்வுக் கட்டாயத்தை அப்படியே வைத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் இந்தத் தேர்வு கணினியில் நடக்கிறது. மாணவர் தரும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். ஐந்தாம் வகுப்பில் இவற்றோடு அறிவியல் தேர்வும் உண்டு.

இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் மட்டுமே இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் கிண்டர்கார்ட்டன், முதல், இரண்டாம் வகுப்புகள் எந்த மதிப்பெண்ணிலும் நேரடியாகத் தெரிவதில்லை. ஐந்து வயதுக் குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோர், தங்கள் குழந்தை அடுத்த மூன்று ஆண்டுகள் எழுதப் போகாத ஒரு தேர்வின் முடிவை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

"60 சதவீதம் தேர்ச்சி" என்றால் என்ன?

தேர்வு எழுதியவர்களில் 100-க்கு 60 பேர் அந்த வகுப்புக்கென மாநிலம் வகுத்த எல்லைக்கோட்டை எட்டினார்கள் அல்லது தாண்டினார்கள் என்று பொருள். மதிப்பெண்கள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. மேல் இரண்டு படிநிலைகளில் இருப்பவர்களே இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் அந்தக் கோடு 2432, கணிதத்தில் 2436. ஐந்தாம் வகுப்பில் அவை முறையே 2502, 2528 ஆக உயர்கின்றன.

நம் ஊர்த் தேர்வுகளில் 35 வாங்கினால் தேர்ச்சி என்று பழகிய நமக்கு "தேர்ச்சி" என்ற சொல் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். இந்தக் கோடு அடிமட்டத் தகுதியைக் குறிப்பதன்று. அது மிகவும் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2023-24-ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஆங்கிலத்தில் சுமார் 47 சதவீதத்தினரும் கணிதத்தில் சுமார் 35.5 சதவீதத்தினரும்தான் அதை எட்டினார்கள். எனவே கணிதத்தில் 50 சதவீதம் காட்டும் பள்ளியைப் பார்த்துப் "பாதிப் பேர் தோல்வி" என்று பதறுவது பொருந்தாது.

சதவீதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே இருக்கும் மாணவரும் 150 புள்ளி கீழே இருக்கும் மாணவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். ஆகவே பள்ளிகளை மதிப்பிட்டு மாநில அரசு இணையத்தில் வெளியிடும் டேஷ்போர்டு, சராசரி மாணவர் கோட்டிலிருந்து எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறார் என்ற அளவைப் பயன்படுத்துகிறது. ஒரு பள்ளி தன் பின்தங்கிய மாணவர்களைக் கைதூக்கிவிடுகிறதா என்று பார்க்க விரும்புவோர் இந்த அளவைத்தான் பார்க்க வேண்டும்.

வீடு தேடும் தளங்களில் "10-க்கு 9" என்று போட்டிருக்கிறதே, அது அரசு தரும் மதிப்பீடா?

இல்லை. அந்த எண்களைத் தருவது பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற தனியார் அமைப்பு. மாநிலத் தேர்வு முடிவுகளை எடுத்து, தன் சொந்த வாய்பாட்டின்படி 1 முதல் 10 வரையிலான ஒரே எண்ணாக அது சுருக்குகிறது. வீடு விற்பனைத் தளங்கள் அதை வாங்கிப் போடுகின்றன. கலிஃபோர்னியா அரசே 2013 வரை ஒவ்வொரு பள்ளிக்கும் 200 முதல் 1000 வரை ஒரே எண்ணை வெளியிட்டு வந்தது; பிறகு அந்த முறையைக் கைவிட்டது. ஒரே எண்ணுக்குள் பல வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன என்ற விமர்சனம் அப்போதே வலுவாக இருந்தது. தனியார் தளங்கள் வழியாக அந்தப் பழக்கம் மட்டும் தொடர்கிறது.

இந்த எண்களுக்கு இருக்கும் பணமதிப்பைக் குறைத்து எண்ண முடியாது. பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் நகரின் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று காட்டினார். அதிக விலை தர இயலும் குடும்பங்கள் அந்த எல்லைக்குள் சேரச் சேர, மதிப்பெண் மேலும் உயரும். மதிப்பெண் உயர உயர, விலையும் ஏறும். இந்தச் சுழலில் வகுப்பறைக்குள் எதுவும் மாறியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உண்மையிலேயே அவ்வளவு தொடர்பு உண்டா?

உண்டு, கல்வி ஆய்வில் மிக உறுதியாக நிலைபெற்ற முடிவுகளுள் இதுவும் ஒன்று. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆணைப்படி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டு, 1966-இல் அதன் அறிக்கை வந்தது. பள்ளிக் கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் வேறுபாடுகளைவிட, மாணவரின் குடும்பச் சூழலும் உடன் படிக்கும் மாணவர்களின் பின்னணியும் மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகின்றன என்று அது சொன்னது. அந்த முடிவின் நுணுக்கங்கள் இன்றுவரை விவாதிக்கப்படுகின்றன. அடிப்படைத் தொடர்பை யாரும் மறுத்ததில்லை.

காரணங்கள் எளியவை. பெற்றோர் இருவரும் பட்டதாரிகளாக உள்ள வீட்டில் குழந்தை பள்ளிக்கு வரும் முன்பே ஆயிரக்கணக்கான சொற்களைக் கேட்டிருக்கிறது, படக்கதைகளைப் புரட்டியிருக்கிறது, கணக்குப் பயிற்சி மையங்களுக்குப் போய்வந்திருக்கிறது. இரண்டு வேலை பார்க்கும் தாயும், வாடகை கட்ட இயலாமல் ஆண்டுக்கொரு முறை வீடு மாற்றும் குடும்பமும் தம் பிள்ளையை எவ்வளவு நேசித்தாலும் அந்த நேரத்தையும் பணத்தையும் செலவிட முடிவதில்லை. மூன்றாம் வகுப்புத் தேர்வின் மதிப்பெண்ணில் பிறந்தது முதலான எட்டு ஆண்டுகளும் பதிவாகின்றன; அவற்றில் பள்ளிக்கு உரியவை மூன்றோ நான்கோ மட்டுமே.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியின் குறைந்த மதிப்பெண், அந்தப் பிள்ளைகளின் திறமையைக் காட்டுவதாகக் கொள்வது பெரும் அநீதி. அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதையே அது முதன்மையாகக் காட்டுகிறது.

அப்படியானால் ஒரு பள்ளி நன்றாகக் கற்பிக்கிறதா என்பதை எப்படி அறிவது?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஒத்த பின்னணி கொண்ட மாணவர்களை ஒத்த பின்னணி கொண்ட மாணவர்களோடு ஒப்பிடுவது. கற்பனையாக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 100 பேர் தேர்வு எழுதுகிறார்கள். முதல் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 80 பேர், வறிய வீட்டுப் பிள்ளைகள் 20 பேர். முன்னவரில் 70 சதவீதமும் பின்னவரில் 30 சதவீதமும் கோட்டை எட்டினால், மொத்தம் 62 பேர். இரண்டாம் பள்ளியில் வசதியானோர் 20 பேர், வறியோர் 80 பேர். முன்னவரில் 75 சதவீதமும் பின்னவரில் 40 சதவீதமும் எட்டினால், மொத்தம் 47 பேர். விளம்பரப் பலகையில் 62-க்கு எதிரே 47 என்று தெரியும். ஆனால் வசதியான பிள்ளைக்கும் வறிய பிள்ளைக்கும் சிறந்த பலனைத் தருவது இரண்டாம் பள்ளிதான். இத்தகைய நிலை ஏட்டில் மட்டும் நிகழ்வதன்று. மாநிலத் தளத்தில் பள்ளியின் மொத்த எண்ணை விட்டுவிட்டு, குழுவாரியான எண்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டால் அங்கங்கே இதைப் பார்க்கலாம்.

இரண்டாம் வழி, வளர்ச்சியைப் பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன், நாடு முழுவதிலுமுள்ள பள்ளி மாவட்டங்களின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தார். சராசரி மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு நெருக்கமாக ஒட்டி நடக்கிறது. ஓராண்டில் மாணவர் எவ்வளவு முன்னேறுகிறார் என்பதோ வருமானத்தோடு மிகத் தளர்வாகவே தொடர்புடையது என்பது அதில் தெரிந்தது. சிகாகோவின் அரசுப் பள்ளிகள் இதற்குச் சிறந்த சான்று. அங்கே மூன்றாம் வகுப்பு மாணவர்கள் தேசிய சராசரிக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தாலும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கான கல்வி வளர்ச்சியைப் பெற்றார்கள். சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்கள் அந்த நகரப் பள்ளிகளை நெடுங்காலம் இகழ்ந்தே வந்தார்கள்.

மாணவர் வாரியான வளர்ச்சி அளவை முறையாக வெளியிடுவதில் கலிஃபோர்னியா மற்ற மாநிலங்களைவிட மிகவும் பிந்திய மாநிலம். அந்த அளவு கையில் இல்லாதபோது நீங்களே ஓரளவுக்குக் கணிக்கலாம்: 2022-23-இல் மூன்றாம் வகுப்பின் முடிவு, 2023-24-இல் நான்காம் வகுப்பின் முடிவு, 2024-25-இல் ஐந்தாம் வகுப்பின் முடிவு ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான் மேலேறி வந்திருப்பார்கள். கணிதத்தில் மாநிலம் முழுவதுமே மூன்றாம் வகுப்பைவிட ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி விகிதம் குறைவு என்பதால், மாநிலத்தின் அதே மூன்று எண்களையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு ஒப்பிடுவது அவசியம்.

"சமூகப் பொருளாதார நிலையில் பின்தங்கியோர்" என்று யாரைக் கணக்கிடுகிறார்கள்?

முதன்மையாக, பள்ளி உணவுத் திட்டத்தின் வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களின் பிள்ளைகளை. கூட்டாட்சி அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை வருமானம் உள்ளோருக்கு இலவச உணவு, 185 சதவீதம் வரை உள்ளோருக்குக் குறைந்த விலை உணவு என்பது தேசிய விதி. கலிஃபோர்னியா இதோடு, பெற்றோர் எவருமே உயர்நிலைப் பள்ளியை முடிக்காத குடும்பங்களின் பிள்ளைகளையும், வீடற்றோரையும், பெற்றோரைப் பிரிந்து அரசின் ஏற்பாட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோரையும் சேர்க்கிறது.

2022-23 முதல் இந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் வருமானம் எதுவாயினும் எல்லா மாணவர்களுக்கும் இரு வேளை உணவு இலவசம். காமராஜர் காலத்து மதிய உணவின் அருமை அறிந்த நமக்கு இது மனம் நிறையும் செய்தி. ஆனால் உணவுக்காக விண்ணப்பம் தர வேண்டிய தேவை போய்விட்டதால், வருமானப் படிவத்தைப் பலரும் நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் படிவத்தின் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்குக் கூடுதல் நிதி வருகிறது. தகுதியுள்ள குடும்பம் ஒவ்வொன்றும் அதை நிரப்பித் தர வேண்டும். எச்-1பி விசாவில் வந்து ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் தமக்கு அது பொருந்தாது என்று தாமாகவே முடிவுசெய்யாமல், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு உரிய வரம்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

"ஆசியர்" என்ற பிரிவில் நம் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்?

சீனர், இந்தியர், கொரியர், வியட்நாமியர், ஹ்மாங் மக்கள், கம்போடியர் என்று பலரும் அதற்குள் அடக்கம். சேர்க்கைப் படிவத்தில் "இந்தியர்" என்ற உட்பிரிவைக் குறிக்க இடம் இருந்தாலும், பள்ளி வாரியான பொது அறிக்கைகளில் அனைவரும் ஒரே பிரிவாகவே வெளிவருகிறார்கள். கூட்டாட்சி விதிப்படி ஹிஸ்பானியர் என்று குறித்தவர் வேறு எந்த இனத்தைக் குறித்திருந்தாலும் ஹிஸ்பானியராகவே எண்ணப்பட்டு வந்தார். இந்த வகைப்பாட்டு முறை 2024-இல் திருத்தப்பட்டது, மாற்றம் படிப்படியாகவே நடைமுறைக்கு வரும்.

கணினிப் பொறியாளர்களின் பிள்ளைகளும், அகதிகளாக வந்து மத்தியப் பள்ளத்தாக்கின் வயல்களில் உழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே சராசரிக்குள் வருவதால், "ஆசியர்" பிரிவின் உயர்ந்த எண் இரு தரப்பினரின் உண்மை நிலையையும் மறைக்கிறது. உதவி தேவைப்படும் பிள்ளை அந்தச் சராசரியின் நிழலில் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இதன் கொடிய விளைவு.

வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று படிவத்தில் எழுதினால் பிள்ளையைக் கீழ்நிலையில் வைத்துவிடுவார்களா?

பெற்றோரிடம் மிக அதிகமாக நிலவும் அச்சம் இது. இதனால் "ஆங்கிலம்" என்று எழுதிவிடும்படி ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அந்த அறிவுரையை ஏற்க வேண்டாம்.

சேர்க்கையின்போது வீட்டுமொழி பற்றி நான்கு கேள்விகள் கேட்கப்படும். குழந்தை முதலில் பேசிய மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, பெற்றோர் குழந்தையிடம் அதிகம் பேசும் மொழி ஆகிய முதல் மூன்றில் ஒன்றுக்காவது தமிழ் என்று விடையளித்தால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு நடத்தப்படும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் அதில் உண்டு. ஆங்கிலம் சரளமாக இருந்தால் "தொடக்கத்திலேயே சரளமானவர்" என்று பதிந்துவிட்டு விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் "ஆங்கிலம் கற்பவர்" என்று வகைப்படுத்தி, வழக்கமான வகுப்பிலேயே வைத்து, ஆங்கிலத்துக்கென்று தனி நேரம் ஒதுக்கிக் கற்பிப்பார்கள். ஆண்டுதோறும் அதே திறனைச் சோதிப்பார்கள். இந்த உதவி யாரும் போடும் பிச்சையன்று. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அளித்த லாவ் எதிர் நிக்கல்ஸ் தீர்ப்பு, மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் தந்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று நிலைநாட்டியது. அந்த உரிமையின் பலன் இது.

எல்பேக் தேர்வில் மேல்நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, ஆங்கிலம் சரளமான அதே வயதினரோடு அடிப்படைத் திறன் ஒப்பீடு ஆகிய நான்கையும் வைத்துப் பிறகு "சரளமானவர்" என்று மறுவகைப்பாடு செய்வார்கள். ஒருமுறை தேர்வு எழுதி முடிந்த பிறகு படிவத்தைத் திருத்துவதால் வகைப்பாடு மாறாது. உங்கள் பிள்ளை இந்தப் பிரிவில் பல ஆண்டுகள் நீடித்தால், நான்கில் எது தடையாக இருக்கிறது என்று பள்ளியிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்பது பெற்றோரின் கடமை.

இந்தப் பிரிவின் எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலம் நன்றாக வந்தவுடன் மாணவர் அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறார். எனவே எஞ்சியிருப்போரின் சராசரி எப்போதும் தாழ்ந்தே தெரியும். பள்ளி எத்தனை பேரை வெற்றிகரமாக வெளியேற்றினாலும் அந்த எண் உயராது. இந்தக் குறையைச் சரிசெய்யவே டேஷ்போர்டு, வெளியேறிய நான்கு ஆண்டுகள் வரையிலானோரையும் அதே குழுவில் சேர்த்துக் கணக்கிடுகிறது. மாநிலத்தின் தேர்வு முடிவுத் தளமோ அப்படிச் சேர்ப்பதில்லை. ஒரே பள்ளிக்கு இரண்டு இடங்களில் இரு வேறு எண்கள் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

சில குழுக்களுக்கு எண்ணுக்குப் பதிலாக உடுக்குறி (*) இருக்கிறதே?

ஒரு குழுவில் 10 பேர் அல்லது அதற்குக் குறைவானோர் இருந்தால் தனி மாணவரை அடையாளம் காண முடியாதபடி முடிவை மறைப்பார்கள். டேஷ்போர்டில் நிறம் (அதன் விளக்கம் கீழே) பெற ஒரு குழுவில் பொதுவாக 30 பேராவது இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டைவிட 6 சதவீதம் குறைந்திருக்கிறது. பள்ளி கெட்டுவிட்டதா?

ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் ஒரு மாணவரின் எடை 1.7 சதவீதம். நான்கு பிள்ளைகள் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால் 6 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். மேலும், இந்த ஆண்டின் மூன்றாம் வகுப்பும் சென்ற ஆண்டின் மூன்றாம் வகுப்பும் வெவ்வேறு பிள்ளைகள். மூன்று ஆண்டுகளின் போக்கைப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்யக் கூடாது. அந்தப் போக்கைப் பார்க்கும்போதும் 2020-இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை என்பதையும், அதன் பிறகு நாடு முழுவதும் சரிவு ஏற்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புக் கணிதம் 2019-க்கும் 2022-க்கும் இடையே 5 புள்ளி இறங்கியது.

சிறப்புக் கல்வி தொடர்பாகவும் ஒரு செய்தி உண்டு. பள்ளி மாவட்டம் தன் சிறப்புக் கல்வி வகுப்புகளைச் சில பள்ளிகளில் மட்டும் அமைப்பதுண்டு. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அங்கே வருவார்கள். அத்தகைய பள்ளியின் சராசரி பக்கத்துப் பள்ளியைவிடக் குறையலாம். அந்தக் குறைவு, அந்தப் பள்ளி ஏற்றிருக்கும் பெரும் பொறுப்பின் அடையாளம்.

டேஷ்போர்டின் நிறங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்கள், நீலம் உயர்ந்தது. இந்த ஆண்டின் நிலை, சென்ற ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றம் ஆகிய இரண்டும் சேர்ந்தே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் உயரத்தில் இருந்து சற்று இறங்கிய பள்ளியும், தாழ்வில் இருந்து வேகமாக ஏறிய பள்ளியும் ஒரே நிறத்தில் தெரியக்கூடும். நிறத்தோடு நிற்காமல் உள்ளே போய் அந்த இரண்டு எண்களையும் தனித்தனியே பாருங்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு ஆங்கிலம், கணிதம், ஆங்கிலம் கற்போரின் முன்னேற்றம் ஆகியவற்றோடு நீடித்த வருகையின்மையும் இடைநீக்க விகிதமும் காட்டப்படுகின்றன.

விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் அது பள்ளியின் கணக்கைப் பாதிக்குமா?

பாதிக்கும், பிள்ளையின் கணக்கையும் பாதிக்கும். பள்ளி நாட்களில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வராதவர் "நீடித்த வருகையின்மை" கொண்டவராகிறார். 180 நாள் கல்வியாண்டில் அது வெறும் 18 நாள். காய்ச்சலாக இருந்தாலும், பாட்டியின் சதாபிஷேகமாக இருந்தாலும், காரணம் ஏற்கப்பட்டதா இல்லையா என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் இல்லை. டிசம்பர் விடுமுறையோடு மூன்று வாரம் சேர்த்துச் சென்னை போய்வரும் பிள்ளைக்கு 15 பள்ளி நாட்கள் போய்விடுகின்றன. பிறகு ஒரு வாரக் காய்ச்சல் வந்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறது. மாநில அளவில் இந்த விகிதம் 2018-19-இல் சுமார் 12 சதவீதமாக இருந்து 2021-22-இல் 30 சதவீதமாக உயர்ந்தது. கலிஃபோர்னியாவில் நிதி ஒதுக்கீடு தினசரி வருகையைச் சார்ந்தது என்பதால் ஒவ்வொரு விடுப்பும் பள்ளியின் வரவைக் குறைக்கிறது. பயணம் தவிர்க்க இயலாததாக இருந்தால், புறப்படும் முன்பே பள்ளி அலுவலகத்தில் தனிப்பயில்வு ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேளுங்கள்; ஒப்பந்தப்படி பாடங்களை முடித்துத் தந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கொள்ளப்படும்.

"டைட்டில் ஒன்" பள்ளி என்றால் தவிர்க்க வேண்டிய பள்ளி என்று பொருளா?

வறிய குடும்பங்களின் பிள்ளைகள் கணிசமாகப் படிப்பதால் கூட்டாட்சி அரசின் கூடுதல் நிதியைப் பெறும் பள்ளி என்று மட்டுமே பொருள். அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் 1965-இல் வந்த சட்டத்தின் முதல் பகுதி என்பதால் அந்தப் பெயர். வறிய மாணவர்கள் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்த நிதியைப் பள்ளி முழுவதற்குமே செலவிடலாம். 2013 முதல் மாநில நிதிமுறையும் இதே நோக்கில் இயங்குகிறது: குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர், ஆங்கிலம் கற்பவர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் தரப்படுகிறது, அத்தகையோர் 55 சதவீதத்தைத் தாண்டும் பள்ளி மாவட்டங்களுக்கு இன்னும் கூடுதலாக உண்டு. வாசிப்பு வல்லுநர், ஆலோசகர், மாலைநேர வகுப்பு என்று இந்தப் பணம் பல வடிவங்களில் வரும். வசதியான பகுதியின் பள்ளிகளில் அதே வசதிகளுக்குப் பெற்றோரின் நன்கொடையை நாட வேண்டியிருக்கும்.

சராசரி குறைந்த பள்ளியில் சேர்த்தால் நம் பிள்ளை பின்தங்கிவிடாதா?

பள்ளியின் சராசரி உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை முன்கூட்டியே சொல்வதில்லை. உங்கள் வீட்டுச் சூழலை ஒத்த பிள்ளைகள் அந்தப் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்பதே நெருக்கமான குறிப்பு, அது குழுவாரியான எண்களில் கிடைக்கும். அதே நேரத்தில் எண்களில் தெரியாதவையும் முக்கியமானவை: ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விலகிப் போகிறார்களா, முன்னேறிவிட்ட பிள்ளைக்கு அடுத்த கட்டப் பாடம் தருகிறார்களா, கணக்கில் தடுமாறும் பிள்ளையை யார் எப்போது கவனிக்கிறார்கள் என்பவற்றைப் பள்ளிக்கு நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். மிக உயர்ந்த சராசரி கொண்ட சில பள்ளிகளில் அந்த எண்ணில் பெரும்பங்கு வெளியே நடக்கும் தனிப்பயிற்சிக்கு உரியது என்பதையும், அங்கே எட்டு வயதுப் பிள்ளைகள் சுமக்கும் போட்டிச் சுமையையும் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பிள்ளைக்குத் தேர்விலிருந்து விலக்கு கேட்கலாமா?

கலிஃபோர்னியச் சட்டப்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால் விலக்கு உண்டு. ஆனால் 95 சதவீதத்தினர் தேர்வு எழுத வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அதற்குக் கீழே போனால் எழுதாதவர்களில் சிலருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணை வைத்து டேஷ்போர்டு கணக்கிடும்.

இந்த எண்களைப் பற்றிப் பள்ளியிடம் முறையாகக் கேட்க வழி உண்டா?

ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் ஒரு பொறுப்பறிக்கையை வெளியிட வேண்டும் என்பது 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தால் வந்த கடமை. ஆசிரியர் தகுதி, கட்டட நிலை, செலவு ஆகியவை அதில் இருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மன்றம் உண்டு. பள்ளியின் ஆண்டுத் திட்டத்தையும் அதற்கான நிதியையும் அது தீர்மானிக்கிறது. ஆங்கிலம் கற்போர் 21 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர்களின் பெற்றோருக்கென்று தனி ஆலோசனைக் குழுவும் அமைக்க வேண்டும். இரண்டுக்கும் பெற்றோரே பெற்றோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்கலாம். கூட்டத்துக்குப் போகும்போது ஒரே குழுவின் மூன்றாண்டு எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, அதில் ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டி இது ஏன் இப்படி இருக்கிறது, இதற்காக இந்த ஆண்டு என்ன செய்கிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.